பெற்றவள் மனு கொடுக்க மாட்டாள்

சென்னையில் 65 வயதைக் கடந்த 400 பேரைத் தேடிப்போய், வீட்டில் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று ஓர் ஆய்வுக்காகக் கேட்டார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையைச் சேர்ந்த ஸ்ரீனிவாசன் சொக்கநாதனும் அலெக்ஸ் லீயும் செய்த அந்த ஆய்வு 2005-ல் வெளியானது. நூற்றுக்கு 14 பேர் வீட்டாரின் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தார்கள். பிறகு சொக்கநாதனின் ஆய்வு தமிழகக் கிராமங்களுக்குப் போனது. 61 வயதும் அதற்கு மேலும் ஆன 902 பேரிடம் பேசிய அந்த ஆய்வு 2014-ல் வந்தது. அங்கே நூற்றுக்கு 21 பேர். வயது வரம்பு வேறு, காலம் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி, நகரத்தைவிடக் கிராமம் மோசம் என்று தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால், சொந்தபந்தம் சூழ இருக்கிற ஊரில் வயதானவர்களுக்கு ஒரு குறையும் வராது என்ற பேச்சு இனி செல்லாது.

துன்புறுத்தல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு வகைச் செய்திகள். பெற்ற தாயைப் பேருந்து நிலையத்தில் உட்காரவைத்துவிட்டுப் போன மகன். விருதுநகர், மதுரை, தேனி வட்டாரத்தில் பேசப்படும், தள்ளாத முதியவர்களை வீட்டாரே சாகடிக்கிற தலைக்கூத்தல். இரண்டும் கொடுமைகள்தான். ஆனால், சென்னை ஆய்வில் முதலிடத்தில் நின்றது ஓயாத வசவு. அடுத்தது பணம். அடியும் கவனிக்காமல் விடுவதும் அதற்குப் பின்னால்தான் வந்தன. 28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2017-ல் வெளியிட்ட கணக்கிலும் வரிசை ஏறக்குறைய இதுவே. உலகில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டில் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார். மன உளைச்சல் தருவதும் பணத்தைப் பறிப்பதும்தான் அதில் பெரும்பகுதி.

வசவு என்றால் என்ன என்பதைக் கேள்வித்தாளில் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடலாம். வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நேராகத் திட்டுவதைவிடச் சாடை பேசுவதே அதிகம். பாத்திரத்தோடு பேசுவார்கள், நாயோடு பேசுவார்கள், பிள்ளையை அதட்டுவார்கள். எல்லாம் மூலையில் கட்டிலில் கிடக்கிறவர் காதில் விழுவதற்காக. இரண்டாவது முறை தண்ணீர் கேட்டால் பதில் வராது. இருமினால் டிவி சத்தம் கூடும். மூன்று மகன்கள் இருக்கிற வீட்டில் மாதம் ஒரு வீடு என்று முறைவைத்துச் சோறு போடுவார்கள். அப்பா ஒரு மகனிடம், அம்மா இன்னொரு மகனிடம் என்று கிழத் தம்பதியைப் பிரித்து வைப்பார்கள். முறை முடிகிற அன்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிறபோது, அங்கே இன்னும் நாள் வரவில்லை என்பார்கள். 31 நாள் உள்ள மாதத்தின் கடைசி நாள் யார் கணக்கில் சேரும் என்ற சண்டையை எத்தனையோ வீடுகளில் பெற்றவர்களை எதிரே நிறுத்திவைத்தே போட்டிருக்கிறார்கள். இதில் எந்தச் சட்டப் பிரிவு மீறப்பட்டது? பட்டினி போடவில்லை, கை நீட்டவில்லை. ஆனாலும் அந்த வாசலில் நின்றவர் அன்று என்ன ஆனார் என்பதை அறியாமல் இந்த விஷயத்தைப் பேசிப் பயனில்லை.

இதை வெளியே கொண்டுவருவதே பெரும்பாடு. கேள்வித்தாளோடு போகிற சமூகப்பணி மாணவியைத் திண்ணையில் உட்காரவைத்து, உள்ளேயிருந்து காபி வரும். மருமகளோ பேரனோ நிலைப்படியில் நிற்பார்கள். அந்த நேரத்தில் கேட்டால், எனக்கென்னம்மா குறை, ராஜா மாதிரி வச்சிருக்கான் என்றுதான் பெரியவர் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த தெருவில் ஓர் அம்மா ரொம்பப் பாவம் என்று ஆரம்பிப்பார். அந்த அம்மாவுக்கு நடப்பதாக அவர் சொல்வது அவருக்கே நடப்பதாக இருக்கலாம். அனுபவப்பட்ட களப்பணியாளர் அதைக் குறுக்கிடாமல் கேட்பார். இன்னொரு நாள் கோயில் மண்டபத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ தனியே சந்திப்பார். கேள்வியில் கொடுமை, துன்புறுத்தல் என்ற சொற்களே இருக்காது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2011-ல் சொன்னது: அதிகாரிகளின் காதுக்கு வந்த ஒரு சம்பவத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 24 சம்பவங்கள் வெளியே வராமல் கிடந்தன. புகார் செய்யத் தொலைபேசி, தனித் துறை, பயிற்சி பெற்ற ஊழியர் எல்லாம் இருக்கிற இடத்தின் கணக்கு இது.

குடும்ப வன்முறை ஆய்வுக்குள் முதியவர்கள் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். பெற்றோரிடம் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப் 1962-ல் எழுதினார். மனைவியை அடிப்பது வீட்டு விவகாரம் அல்ல என்று 1970-களில் பெண்கள் இயக்கங்கள் உரக்கச் சொல்லின. முதியவர்கள் வீட்டில் அடிபடுவதைப் பற்றி பிரிட்டன் மருத்துவ இதழ்களில் 1975-ல்தான் எழுதத் தொடங்கினார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் எழுந்த ஒரு விவாதம் இன்று நமக்கு மிகவும் தேவைப்படுகிறது.

குடும்ப வன்முறை ஆய்வாளர் சூசன் ஸ்டைன்மெட்ஸ் ஒரு விளக்கம் தந்தார். தள்ளாத வயதில் பெற்றோர் பிள்ளைகளை முழுக்கச் சார்ந்திருக்கிறார்கள். பராமரிக்கும் சுமை தாங்காமல் பிள்ளைகள் வெடிக்கிறார்கள் என்பது அதன் சாரம். சமூகவியலாளர் கார்ல் பில்லமர் இதை மறுத்தார். துன்புறுத்தப்பட்டவர்களையும் அப்படி ஆகாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவர் கண்டது வேறு: யார் துன்புறுத்துகிறாரோ அவர்தான் பெரும்பாலும் முதியவரை நம்பிப் பிழைக்கிறார். இருக்க வீடு, கைச் செலவுக்குப் பணம் எல்லாம் முதியவருடையவை. தன் காலில் நிற்க முடியாதவனின் ஆத்திரம் அது. பில்லமரும் டேவிட் ஃபிங்கெலோரும் பாஸ்டன் வட்டாரத்தில் 2,020 முதியவர்களிடம் நடத்தி 1988-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. துன்புறுத்தியவர்களில் பிள்ளைகளைவிட வாழ்க்கைத் துணைவர்களே அதிகம். வயதானதும் கணவனின் கை ஓய்ந்துவிடுவதில்லை. நம் சென்னை ஆய்விலும் துன்புறுத்துவோர் பட்டியலில் மகன், மகள், மருமகள், மருமகனோடு வாழ்க்கைத் துணையும் இருக்கிறார்.

பராமரிப்புச் சுமை பொய் என்று நான் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவருக்கு மலஜலம் எடுத்து, இரவெல்லாம் விழித்திருந்து, மறதி நோயால் அவர் கத்துவதையும் தாங்கிக்கொள்கிற ஒரு பெண் என்றாவது கையை ஓங்கிவிடலாம். அவளுக்கு வேண்டியது ஓய்வும் மாற்று ஆளும். ஆனால், நம் ஊரில் நடப்பதையெல்லாம் இந்த ஒரே காரணத்துக்குள் கொண்டுபோய் அடைக்கிறோம். தமிழகக் கிராம ஆய்வில் துன்புறுத்தலோடு சேர்ந்து வந்தவை எவை என்று பார்த்தால், குடிக்கிற, குடும்பத்தில் மற்றவர்களையும் கொடுமைப்படுத்துகிற உறுப்பினரே கண்ணில் படுகிறார். ஒற்றுமை குலைந்து சண்டை நிறைந்த வீடு கண்ணில் படுகிறது. அம்மாவின் தள்ளாமையைவிட மகனின் நிலைமைதான் அதிகம் பேசுகிறது.

நம் தெருக்களில் இதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. வேலை நிலைக்காத மகன், டாஸ்மாக், கந்துவட்டிக் கடன். வீடு அம்மா பெயரில். அப்பா அரசு ஊழியராக இருந்து இறந்திருந்தால் குடும்ப ஓய்வூதியம். இல்லையென்றால் முதியோர் உதவித்தொகை. 2023-ல் அந்தத் தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் வரும் நாளில் மகன் வாசலில் காத்திருப்பான். ஏடிஎம் கார்டு அவனிடமே இருக்கும். கொடுக்காவிட்டால் வசவு, கொடுத்தால் இரண்டு நாள் அமைதி. பிறகு வீட்டை எழுதிக் கேட்பது. தான செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகும்வரை அம்மாவுக்கு ஆட்டோ பிடித்து, கையைப் பிடித்து இறக்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். கைரேகை வைத்த பிறகு தொடங்குவதுதான் வேறு கதை.

இந்த இடத்தில்தான் சட்டம் வருகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. கோட்டாட்சியர் நிலையில் தீர்ப்பாயம், 90 நாட்களில் முடிவு, மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை, கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறலாம் என்கிறது 23-வது பிரிவு. அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. எந்தத் தாய், மகனுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எனக்குச் சோறு போட வேண்டும் என்று வரி சேர்க்கச் சொல்வாள்? இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாக, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. அந்த மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாகப்பட்டினம் மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட்டைக் கோட்டாட்சியர் ரத்து செய்தது சரியே என்று சொன்ன நீதிபதிகள், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தாலே பராமரிப்பார்கள் என்ற நிபந்தனை அதில் அடங்கியிருக்கிறது என்றார்கள். மனித மனத்தை அறிந்த தீர்ப்பு அது.

ஆனால், அந்த மூதாட்டி மனு கொடுத்தார். பெரும்பாலானவர்கள் கொடுக்க மாட்டார்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வருகிற மூதாட்டிகளைப் பார்த்தால் தெரியும். மனு எழுதித் தருகிறவர், மகன் பேர் என்னம்மா என்று கேட்கும் இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். அவன் மேல கேஸ் வேணாம்யா, கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டாப் போதும் என்கிறார்கள். போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனால் பேரப்பிள்ளைகள் என்ன ஆவார்கள், நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க யார் வருவார், ஊர் என்ன பேசும் என்பவை அவர்கள் கேட்கும் கேள்விகள். பெற்றவர்கள் உதவி கேட்பதை எவையெல்லாம் தடுக்கின்றன என்பதையே தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு சொக்கநாதனும் அவருடைய சக ஆய்வாளர்களும் சென்னையில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். தண்டனையைக் கூட்டலாம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். தண்டனை கூடக்கூடத் தாயின் வாய் இன்னும் இறுக மூடும்.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஐந்தாவது பிரிவின்படி தீர்ப்பாயம் தானாகவே ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். முதியவரால் இயலாதபோது, அவர் ஒப்புக்கொண்டால் வேறொருவரோ தொண்டு நிறுவனமோ அவர் சார்பில் மனு போடலாம். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பவும் இடமுண்டு. தமிழகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் இந்தப் பொறுப்பில் இருக்கிறார். ஒரு மாவட்டம் முழுவதற்கும் அவர் ஒருவர். வரதட்சிணைப் புகார், குழந்தைத் திருமணம், திருமண உதவித் திட்டங்கள் என்று அவர் மேசையில் ஏற்கெனவே குவிந்திருப்பதோடு இதுவும் சேர்கிறது. பட்டா, நிலத் தகராறு, சாதிச் சான்றிதழ், தேர்தல் வேலைக்கு இடையில் கோட்டாட்சியர் இரு தரப்பையும் வரச்சொல்லி நோட்டீஸ் அனுப்புகிறார். அந்த நோட்டீஸ் போய்ச் சேர்வது அம்மாவும் மகனும் ஒன்றாகக் குடியிருக்கிற அதே வீட்டுக்கு. விசாரணை நாள்வரை அந்த வீட்டில் என்ன நடக்கும்? மகன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பணம் கொடுக்கிறானா, அம்மாவிடமே அதைப் பறித்துக்கொள்கிறானா என்று மூன்றாம் மாதம் போய்ப் பார்ப்பது யார்? இந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில், காவல் நிலையத்திலிருந்து ஒருவர் சமூகப்பணியாளரோடு மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. தனியாக வாழும் முதியவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்கிற விதி அது. வெளியிலிருந்து வருகிற திருடனை மனத்தில் வைத்து எழுதியது. ஆபத்து அதே கூரைக்குக் கீழே இருப்பவர்களை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இந்த ஆபத்தில் மருமகளை எங்கே வைப்பது என்பதில் நமக்கு நிதானம் வேண்டும். ஹெல்ப்ஏஜ் இந்தியா 2018-ல் 23 நகரங்களில் நடத்திய ஆய்வில், துன்புறுத்துகிறவர் என்று முதியவர்கள் சுட்டியவர்களில் மகன்கள் 52 சதவீதம், மருமகள்கள் 34 சதவீதம். சீரியல்கள் இதைத் தலைகீழாகக் காட்டிப் பழக்கிவிட்டன. மாமியாரைக் குளிப்பாட்டுவதும் அவள்தான், வசைபாடுவதும் அவள்தான் என்பது சில வீடுகளில் உண்மை. ஆனால், குடித்துவிட்டு வந்து தாயைத் தள்ளிவிடுகிறவன் மனைவியையும் அடிப்பான் என்பதைத்தான் கிராம ஆய்வு நினைவூட்டுகிறது. அந்த வீட்டுக்கு வேண்டியது ஒரே உதவி. நாமோ மாமியாருக்கு 2007 சட்டம், மருமகளுக்கு 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று இரண்டு கோப்புகளைத் திறந்து ஒருவரை ஒருவர் எதிரியாக்குகிறோம். மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றப் பார்த்த வழக்கும் உச்ச நீதிமன்றம்வரை போனது. அப்படி அவளுடைய குடியிருக்கும் உரிமையைப் பறிக்க முடியாது என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. 2005 சட்டம் மருமகளுக்கு மட்டும் உரியதல்ல, தாய்க்கும் உரியது. மகன் மீது அவள் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்; பாதுகாப்பு அலுவலர் அவளுக்கு உதவ வேண்டும். இதை எத்தனை அம்மாக்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

இது உயிரைக் குடிக்கிற விஷயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 2,812 முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார் மருத்துவர் மார்க் லாக்ஸ். 1998-ல் வெளியான அந்த ஆய்வில், 13 ஆண்டுகளின் முடிவில் துன்புறுத்தலுக்கு ஆளாகாதவர்களில் 40 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆளானவர்களில் 9 சதவீதம். நோய், வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. தமிழகத்தில் 2011 கணக்கெடுப்பின்போது மக்கள்தொகையில் 10.4 சதவீதமாக இருந்த முதியவர்கள், 2031-ல் 18.2 சதவீதமாவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. ஐந்து பேருக்கு ஒருவர் என்ற நிலையை நெருங்குகிறோம்.

அரசு செய்யக்கூடியது என்ன? முதியோர் இல்லங்களைக் கூட்டுவது பதிலாகாது. அடி வாங்குகிறவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, அடிக்கிறவனிடம் வீட்டை ஒப்படைக்கிற ஏற்பாடாக அது முடியும். தமிழகத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர், இந்த வேலைக்கென்றே. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கிய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சமூகப்பணி படித்து வெளியே வருகிறார்கள். அவர்களில் பலர் படித்ததற்குத் தொடர்பில்லாத வேலைகளில் இருக்கிறார்கள். ஆளுக்குப் பஞ்சமில்லை. அப்படி அமர்த்தப்படுகிற சமூகப்பணியாளர் வீட்டுக்குப் போவார். அம்மாவிடம் தனியே பேசுவார். மகனிடமும் பேசுவார்: குடிநோய் மீட்பு மையத்துக்கு அழைத்துப் போவது, கடனுக்கு வழி பார்ப்பது, வேலை தேடுவது. சேமிப்புக் கணக்கும் கார்டும் அம்மா கையில் இருக்க ஏற்பாடு செய்வார். வழக்கு வேண்டாம் என்று சொல்கிற தாய்க்கு வழக்கில்லாத உதவி இதுதான். அதையும் மீறி அடி தொடர்ந்தால், கோட்டாட்சியர் தானாக முன்வந்து விசாரிப்பதற்கு அறிக்கை எழுதுகிறவரும் அவரே.

கேட்பதற்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்கள் முதியவர்களின் வீட்டுக்குள்ளேயே போகிறார்கள். கையில் மருந்துப் பையோடு போகிறவரை எந்த மகனும் சந்தேகப்பட மாட்டான். கனடாவின் மான்ட்ரியால் நகரில் மார்க் யாஃப் என்ற குடும்ப மருத்துவரும் அவருடைய குழுவும் 2008-ல் ஒரு சிறிய கேள்வித்தொகுப்பை உருவாக்கினார்கள். முதியவரிடம் கேட்க ஐந்து கேள்விகள். குளிக்க, சாப்பிட, வங்கிக்குப் போக யாரையாவது நம்பியிருக்கிறீர்களா. சாப்பாடோ மருந்தோ கிடைக்காமல் யாராவது தடுத்தார்களா. மனம் நோக யாராவது பேசினார்களா. விருப்பமில்லாமல் கையெழுத்து வாங்கினார்களா. பயமுறுத்தினார்களா, அடித்தார்களா என்பது அவற்றின் போக்கு. ஆறாவதாக, எதிரே இருப்பவரின் கண், உடம்பு, உடுப்பைப் பார்த்து மருத்துவர் தானே குறித்துக்கொள்ள வேண்டியது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நம் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றினால், ரத்த அழுத்தம் பார்க்கிற நேரத்திலேயே கேட்டுவிடலாம்.

ஆனால், வரிசை மாறக் கூடாது. முதலில் ஒன்றியத்தில் ஆளை அமர்த்த வேண்டும், பிறகு கேள்வியை வீட்டுக்குள் அனுப்ப வேண்டும். கேள்வியை அனுப்பிவிட்டு ஆளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால், துணிந்து பதில் சொன்ன அம்மா அன்று இரவும் அதே வீட்டில், அதே மகனோடுதான் இருக்க வேண்டும்.